நாய் சாப்பிடும் விதம்: கோளாறா, குணமா? அறிகுறி வாரியாகப் பார்க்கும் முறை

ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு லாப்ரடார் பெட்டைகளை நான் வளர்த்தேன். கருப்பி, தட்டு தரையைத் தொடும் முன்பே தலையை உள்ளே விட்டுவிடுவாள். ஒரு நிமிடம் முடிவதற்குள் தட்டு கழுவிக் கவிழ்த்ததுபோல் ஆகிவிடும். வெள்ளச்சியோ ஒரு வாய் கவ்விக்கொண்டுபோய்த் தன் பாயில் துப்பி, ஒவ்வொரு வில்லையாகப் பொறுக்கித் தின்பாள். வாரத்தில் இரண்டு நாளாவது பாதியை மீதம் வைப்பாள். ஒரு மாலை கருப்பி பாதித் தட்டோடு விலகி நின்றாள். மறுநாள் காலை கால்நடை மருத்துவர் அவள் வாயைத் திறந்து பார்த்தபோது கடைவாய்ப் பல் ஒன்று பிளந்து, அதைச் சுற்றி ஈறு வீங்கியிருந்தது. அதே பாதித் தட்டை வெள்ளச்சி வைத்திருந்தால் நான் திரும்பிக்கூடப் பார்த்திருக்கமாட்டேன்.

கீழே உள்ள வழிமுறை முழுவதும் இந்த வேறுபாட்டின்மேல்தான் நிற்கிறது. எங்கே தேடவேண்டும் என்பதை இனம் சொல்லும். தேடவேண்டிய அவசியம் உண்டா என்பதை அந்த நாயின் சொந்த வழக்கம் சொல்லும். இனப் பெயரைக் கேட்டவுடன் குணத்தையும் எழுதிவிடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. ஆனால் 18,000-க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி வளர்ப்பவர்களிடம் கேட்டறிந்து, 2,000-க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுத் தொகுதியையும் படித்து 2022-இல் வெளியான ஆய்வு ஒன்று, ஒரு நாய்க்கும் மற்றொன்றுக்கும் இடையே நடத்தையில் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ 9 விழுக்காட்டைத்தான் இனத்தைக் கொண்டு விளக்க முடிகிறது என்று கண்டது. உடலமைப்பு, செரிமானம், சில நோய்களுக்கான சாய்வு ஆகியவற்றில் இனத்தின் கை ஓங்கியிருக்கிறது என்பதும் உண்மை. ஆகவே தட்டில் தெரியும் ஒவ்வொரு அறிகுறியையும் இரண்டு பக்கமும் வைத்துப் பார்க்கவேண்டியிருக்கிறது.

முதலில் செய்யவேண்டியது: வழக்கத்தை எழுதி வையுங்கள்

நாய் நலமாக இருக்கும் ஒரு வாரத்தில் இதைச் செய்துவிட்டால், நலமில்லாத நாளில் ஊகிக்க வேண்டியிருக்காது. ஒரு வேளைக்கு எத்தனை கிராம் வைத்தீர்கள், எவ்வளவு மீதம், முடிக்க எத்தனை நிமிடம், தட்டுக்கு வரும்போது வால் எப்படி இருந்தது, மலம் இறுகியிருந்ததா இளகியிருந்ததா, தண்ணீர்ப் பாத்திரத்தை ஒரு நாளில் எத்தனை முறை நிரப்பினீர்கள் என்பவை போதும். உணவைக் கோப்பையால் அளக்காமல் தராசில் நிறுத்துங்கள். ஒரே கோப்பையை ஒரே வீட்டில் இரண்டு பேர் நிரப்பினாலே அளவு மாறிவிடும், மூன்றாமவர் நிரப்பினால் சொல்லவே வேண்டாம்.

அதோடு உடல்வாகையும் கையால் தடவிப் பாருங்கள். உங்கள் உள்ளங்கையைக் கீழ்நோக்கி விரித்து, புறங்கையின் எலும்புகள்மேல் மறுகை விரலை ஓட்டினால் ஒரு மேடுபள்ளம் தட்டுப்படும் அல்லவா, நாயின் விலாவும் அப்படித் தட்டுப்படவேண்டும். முட்டியை மடக்கியபின் கிடைக்கும் கூர்மை தெரிந்தால் மெலிவு. உள்ளங்கைப் பக்கம் தடவியதுபோல் மெத்தென்றிருந்தால் கொழுப்பு. இங்கேயும் இனம் குறுக்கிடும். கிரேஹவுண்ட் போன்ற ஒல்லி வேட்டை நாய்களில் கடைசி விலா எலும்புகள் கண்ணுக்கே தெரிவது இயல்பு. அடர்ந்த முடியுள்ள இனங்களில் கண் ஏமாறும், கை மட்டுமே சரியாகச் சொல்லும்.

அறிகுறி: எவ்வளவு வைத்தாலும் பசி அடங்கவில்லை

இங்கே முதல் கேள்வி எடையைப் பற்றியது. பசி ஓயாமலிருந்து எடை ஏறுகிறதா, நிலையாக இருக்கிறதா, இறங்குகிறதா? இந்த மூன்றும் மூன்று வழிகள்.

எடை ஏறுகிறது அல்லது நிலையாக இருக்கிறது, நாய் எப்போதுமே இப்படித்தான் என்றால், இனத்தின் பக்கம் திரும்புங்கள். லாப்ரடார்களின் பெருந்தீனிக்கு உடலுக்குள்ளேயே ஒரு காரணம் இருப்பதைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்டார்கள். பசியைக் கட்டுப்படுத்தும் செய்தியை மூளையில் உருவாக்க உதவும் பி.ஓ.எம்.சி. என்ற மரபணுவில் 14 டி.என்.ஏ. எழுத்துகள் சில நாய்களில் விடுபட்டிருக்கின்றன. ஏறக்குறைய நான்கு லாப்ரடார்களில் ஒன்று இந்தக் குறையைச் சுமக்கிறது, குறையுள்ள பிரதி ஒவ்வொன்றுக்கும் எடை சுமார் 2 கிலோ கூடுகிறது. பிளாட் கோட்டட் ரிட்ரீவர் இனத்திலும் இதே குறை உண்டு. உணவைக் காட்டி எளிதில் பழக்க முடிவதாலோ என்னவோ, உதவி நாய்களாகத் தேர்ந்தெடுக்கப்படும் லாப்ரடார்களில் இது இன்னும் மிகுதியாகக் காணப்பட்டது. 2024-இல் அதே குழுவின் தொடர் ஆய்வு மேலும் ஒன்றைத் தெளிவாக்கியது: இக்குறையுள்ள நாய்கள் வயிறு நிறைய மற்றவற்றைவிட அதிகமாகத் தின்பதில்லை, ஆனால் இரண்டு வேளைகளுக்கு இடையில் அவற்றுக்குச் சீக்கிரம் பசிக்கிறது, ஓய்வில் இருக்கும்போது அவற்றின் உடல் ஏறத்தாழ 25 விழுக்காடு குறைவான ஆற்றலையே செலவழிக்கிறது. கூடுதலாகப் பசிக்கும், குறைவாகச் செலவாகும் என்றால், இப்படிப்பட்ட நாயை வளர்ப்பவரைக் கட்டுப்பாடில்லாதவர் என்று திட்டுவது எவ்வளவு அநியாயம் என்று எனக்குத் தோன்றியது. கருப்பியின் விஷயத்தில் அந்தத் திட்டை நானே பலமுறை வாங்கியிருக்கிறேன்.

இதற்கான சரிசெய்தல் அந்தக் கண்டுபிடிப்பிலிருந்தே கிடைக்கிறது. நாள் முழுவதற்குமான அளவைக் கூட்டாமல், அதையே மூன்று அல்லது நான்கு வேளையாகப் பிரியுங்கள். ஒரு பகுதியைத் தட்டில் வைக்காமல் புல்வெளியில் தூவி மோப்பம் பிடித்துத் தேட விடுங்கள்; தேடும் நேரமும் சாப்பாட்டு நேரமாகிவிடும். பழக்கும்போது தரும் தின்பண்டம் அன்றாடக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது, அதுவும் தட்டிலிருந்து கழிக்கப்படவேண்டும்.

நாள் அளவை எப்படிக் கணக்கிடுவது? நாயின் எடையைக் கிலோவில் எடுத்து, அதை அதனாலேயே இரண்டு முறை பெருக்கி, கிடைப்பதற்கு இருமுறை வர்க்கமூலம் கண்டு, 70-ஆல் பெருக்கினால் ஓய்வுநிலைக்கான கலோரி கிடைக்கும். 30 கிலோ நாய்க்கு 30 × 30 × 30 என்பது 27,000. முதல் வர்க்கமூலம் சுமார் 164, இரண்டாவது 12.8, 70-ஆல் பெருக்க ஏறத்தாழ 900 கலோரி. கருத்தடை செய்யப்பட்ட வளர்ந்த நாய்க்கு இதை 1.6-ஆல் பெருக்குவது வழக்கம், அதாவது ஏறத்தாழ 1,440. எடையைக் குறைக்கவேண்டுமானால் இருக்கவேண்டிய எடையை வைத்து ஓய்வுநிலைக் கணக்கோடு நிறுத்துவார்கள். ஆனால் இந்தக் கணக்கு புறப்படும் இடம்தான். ஒரே எடையுள்ள இரண்டு நாய்களின் உண்மைத் தேவை இதிலிருந்து பாதியளவுகூட விலகலாம். உணவுப் பையில் அச்சிட்டிருக்கும் அட்டவணைக்கும் இதே நிலைதான். இரண்டு வாரத்துக்கொரு முறை நிறுத்துப் பார்த்து, பத்தில் ஒரு பங்காகக் கூட்டியோ குறைத்தோ வாருங்கள்.

கெஞ்சும் கண்களுக்கு இரங்கத் தோன்றும்போது ஒன்றை நினைவில் கொள்வது உதவும். ஒரே ஈற்றில் பிறந்த லாப்ரடார்களை இரண்டிரண்டாகச் சேர்த்து, 48 நாய்களை வாழ்நாள் முழுவதும் கவனித்த ஆய்வின் முடிவு 2002-இல் வெளியானது. தன் இணையைவிட 25 விழுக்காடு குறைவாக உண்ட நாய்களின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டுகள். நிறைய உண்டவற்றுக்கு 11.2.

பசி புதிதாக வந்தது என்றால் கதை வேறு. அண்மையில் ஸ்டீராய்டு மருந்து தொடங்கினார்களா, கருத்தடை அறுவை நடந்ததா என்று பாருங்கள். இரண்டுமே பசியைக் கிளப்பும். பசியோடு தண்ணீர் குடிப்பதும் சிறுநீர் கழிப்பதும் சேர்ந்து கூடியிருந்தால் நீரிழிவு அல்லது சிறுநீரகத்தின் அருகிலுள்ள அண்ணீரகச் (அட்ரினல்) சுரப்பி மிகையாக இயங்கும் குஷிங் நோயை நினைக்கவேண்டும். அது இரத்தப் பரிசோதனையில்தான் தெரியும்.

பசி அகோரமாக இருந்தும் எடை இறங்குவதுதான் இந்தப் பகுதியிலேயே அவசரமான கிளை. குடற்புழு நீக்கம் ஒழுங்காக நடந்திருந்தும் இளம் ஜெர்மன் ஷெப்பர்ட் ஒன்று இப்படி மெலிந்து, வெளிறிய, எண்ணெய்ப்பசையுள்ள மலத்தைக் குவியல் குவியலாகக் கழித்தால், கணையம் செரிமான நொதிகளைச் சுரக்காத நிலையாக இருக்கக்கூடும். அந்த இனத்தில் இது தனிச்சாய்வாகவே வருகிறது. வெறும் வயிற்றில் எடுக்கும் டி.எல்.ஐ. என்ற இரத்தப் பரிசோதனை இதைக் காட்டிக்கொடுக்கும், நொதித் தூளை உணவில் கலந்து கொடுக்க ஆரம்பித்தால் பெரும்பாலான நாய்கள் தேறுகின்றன. இந்நிலையில் உள்ள நாய்க்கு உண்மையிலேயே பசிக்கிறது. அதன் தட்டைச் சுருக்குவது கொடுமை.

அறிகுறி: முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடுகிறது

இதில் இனத்தைப் பற்றிய எதிர்பார்ப்பு அடிக்கடி தவறாகப் போகிறது. ஹஸ்கி வளர்ப்பவர்கள், இவ்வளவு பெரிய நாய் இவ்வளவுதானா தின்னும் என்று கவலைப்படுவது வழக்கம். நீண்ட தூரப் பனிச்சறுக்குவண்டிப் பந்தயத்தில் ஓடும்போது ஒரு நாளில் 10,000 கலோரி அளவுக்கு எரிக்கக்கூடிய இந்த வகை நாய்கள், வீட்டில் சும்மா இருக்கும்போது அதில் சிறு பங்கோடு நிறைவடைந்துவிடுகின்றன. வேட்டை ஓட்டக்கார இனங்களிலும் பல, ஓடிய நாளில் நன்றாகத் தின்று, ஓடாத நாளில் கொறித்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். வேலைக்கேற்ற தீனி என்பதை மனிதர்களைவிட அவை நன்றாகக் கடைப்பிடிக்கின்றன.

எனவே முதல் சோதனை: எடை நிலையாக இருக்கிறதா, விளையாட்டில் குறையில்லையா, மலம் சரியாக இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் நாய் சாப்பிடாமலில்லை, நீங்கள் நினைத்த அளவுக்குச் சாப்பிடவில்லை, அவ்வளவே. வெள்ளச்சிக்கு அட்டவணைப்படி வைத்துக்கொண்டிருந்த அளவில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தபோது மீதம் வைப்பது நின்றது. எடை ஓராண்டுக்கு அசையவில்லை.

இரண்டாவது, தட்டுக்கு வெளியே வாய்க்குள் போவதை எல்லாம் எண்ணுங்கள். வீட்டில் நான்கு பேர் ஆளுக்கு இரண்டு துண்டு கொடுத்துவிட்டு ஐந்தாவதாக நாயைக் குறை சொல்வது மிகச் சாதாரணமாக நடப்பது. 5 கிலோ எடையுள்ள நாய்க்கு மேற்சொன்ன கணக்கின்படி நாளொன்றுக்கு 375 கலோரிக்கு மேல் தேவையில்லை. அதில் விரலளவு பாலாடைக்கட்டி எவ்வளவு பெரிய பங்கு என்று பாருங்கள்.

மூன்றாவது, இந்த நாய் பிகுசெய்யக் கற்றுக்கொண்டதா என்று பாருங்கள். காட்சி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: நாய் தட்டை முகர்ந்து தலையைத் தூக்குகிறது, நாம் குழம்பிப்போய் மேலே கொஞ்சம் இறைச்சிச் சாறு ஊற்றுகிறோம், அதை நக்கிவிட்டு மறுபடியும் தலையைத் தூக்குகிறது, அடுத்து கையால் ஊட்டுகிறோம். நான்கு நாளில் நாய் நமக்குப் பாடம் நடத்தி முடித்துவிடும். சிறு இனங்களில் இது அதிகம் என்பார்கள். என் எண்ணத்தில், சிறிய நாயை மடியில் வைத்து ஊட்டுவது எளிது என்பதுதான் அதற்குப் பெரிய காரணம். இதை மாற்ற, தட்டை 15 நிமிடம் வைத்து எடுத்துவிடுங்கள், அடுத்த வேளைவரை இடையில் எதுவும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். நலமான வளர்ந்த நாய் இரண்டு மூன்று நாளில் வழிக்கு வரும்.

ஆனால் இந்த முறையைக் குட்டியாக உள்ள சிஹுவாஹுவா, யார்க்‌ஷயர் டெரியர் போன்ற குட்டை இனங்களில் ஒருபோதும் செய்யக்கூடாது. அவற்றின் உடலில் சர்க்கரைச் சேமிப்பு மிகக் குறைவு. சில மணிநேரம் பட்டினி கிடந்தாலே இரத்தச் சர்க்கரை சரிந்து தள்ளாட்டம், நடுக்கம், வலிப்பு வரை போகும். நாளுக்கு நான்கு வேளை உணவு அவற்றுக்குச் செல்லமல்ல, மருத்துவத் தேவை. தள்ளாடும் குட்டியின் ஈறில் தேனோ சர்க்கரைப் பாகோ தடவிவிட்டு, தடவிய கையோடு மருத்துவரிடம் கிளம்பவேண்டும்.

நான்காவது மணம். மனிதருக்கு ஏறத்தாழ 9,000 சுவை மொட்டுகள் என்றால் நாய்க்கு 1,700 அளவில்தான். நாக்கு செய்யவேண்டிய தேர்வில் பெரும்பகுதியை மூக்கு செய்துவிடுகிறது. குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த உணவைச் சற்று வெதுவெதுப்பாக்கினால் வயதான நாய்கள்கூடத் தட்டுக்குத் திரும்புவது இதனால்தான். மணவிருப்பத்தில் ஒவ்வொரு நாய்க்கும் ஒரு முன்கதை உண்டு. தாய் சூலுற்றிருக்கும்போதும் பாலூட்டும்போதும் உண்ட உணவின் மணத்தைக் குட்டிகள் பின்னர் விரும்புவது ஆய்வில் காணப்பட்டிருக்கிறது. வேறெங்கோ பிறந்து உங்களிடம் வந்த குட்டி புதிய உணவைச் சந்தேகத்தோடு பார்த்தால், பழைய உணவில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து 7 முதல் 10 நாளில் மாற்றுங்கள்.

மருத்துவரிடம் போகவேண்டிய கோடு எது? எப்போதும் நன்றாகத் தின்னும் நாய் ஒரு முழு நாள் எதையும் தொடாவிட்டால் போகலாம். வாந்தி, சோர்வு, வலி சேர்ந்திருந்தால் அதற்கும் முன்பே போகவேண்டும். தட்டுக்கு ஆவலாக வந்து, வாயில் எடுத்து, கீழே போட்டுவிட்டுத் திரும்பினால், அதற்குப் பசி இருக்கிறது, பல்லிலோ தாடையிலோ வலி இருக்கிறது என்று பொருள். கருப்பி அன்று செய்தது அதுதான், நான் அதைப் புரிந்துகொள்ள ஓர் இரவு ஆனது. சில நாள் நன்றாக இருந்து சில நாள் பசி மங்கி, இடையிடையே பேதியும் தளர்ச்சியுமாக மாறிமாறி வரும் ஸ்டாண்டர்டு பூடில் இருந்தால், அண்ணீரகம் குறைவாகச் சுரக்கும் அடிசன் நோயைப் பற்றி மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். வருவதும் போவதுமாக இருப்பதால் அதைப் பிகு என்று எண்ணிக் கடந்துவிடுவது எளிது.

அறிகுறி: மெல்லாமல் விழுங்கித் தள்ளுகிறது

நாய்க்கு மென்று தின்னும் கடமை இல்லை. அதன் பற்கள் கிழிக்கவும் நொறுக்கவும் அமைந்தவை. ஆகவே வேகம் மட்டும் நோயல்ல. மேடுபள்ளமுள்ள தட்டு, தட்டில் விரவிய உணவு, இன்னொரு நாய் இருந்தால் தனி அறை என்பவற்றில் ஒன்று பெரும்பாலும் போதும். மூன்றில் கடைசியை முதலில் செய்யச் சொல்வேன், ஏனென்றால் பக்கத்தில் போட்டியாளர் நிற்கும்போது மெதுவாகத் தின்னும் நாயும் வேகமெடுக்கிறது.

ஆனால் கிரேட் டேன், வைமரானர், செயின்ட் பெர்னார்ட், ஐரிஷ் செட்டர், ஸ்டாண்டர்டு பூடில் போன்ற ஆழ்ந்த மார்புள்ள பெரிய இனங்களில் வேகத்தை அலட்சியம் செய்யக்கூடாது. இவற்றில் இரைப்பை காற்றால் உப்பி, தன்னைத்தானே முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. பெற்றோருக்கோ உடன்பிறப்புக்கோ வந்திருந்தால் ஆபத்து இன்னும் கூடும். நாளுக்கு ஒரே வேளையாகக் கொட்டாமல் பிரித்துக் கொடுங்கள். இப்படிப்பட்ட நாய்க்குத் தட்டை உயரத்தில் வைத்தால் நல்லது என்று நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். 2000-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில் உயர்த்திய தட்டு ஆபத்தைக் கூட்டுவதோடுதான் தொடர்புபட்டிருந்தது. எனவே வேறு மருத்துவக் காரணம் இல்லாவிட்டால் தட்டு தரையிலேயே இருக்கட்டும்.

வயிறு உப்பி இறுகுகிறது, நாய் நிலைகொள்ளாமல் அலைகிறது, எச்சில் ஒழுகுகிறது, குமட்டிக் குமட்டி ஒன்றும் வெளியே வரவில்லை என்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு வண்டியை எடுங்கள். காலை வரை பார்க்கலாம் என்ற முடிவுக்கு இங்கே இடமில்லை; சில மணிநேரத்தில் உயிர் போய்விடும், வீட்டில் செய்யக்கூடிய முதலுதவி எதுவும் இல்லை.

அறிகுறி: தின்றது அப்படியே திரும்பி வருகிறது

வாந்தியையும் எதுக்களிப்பையும் பிரித்தறிவது பாதி வேலை. வாந்தியில் வயிறு உள்ளிழுத்துச் சுருங்கும், அதற்கு முன் நாய் உதட்டை நக்கும், எச்சிலை விழுங்கும், வருவது செரித்துக் கலங்கியோ பித்தநீர் கலந்தோ இருக்கும். எதுக்களிப்பில் முன்னறிவிப்பே இல்லை. நாய் தலையைத் தாழ்த்துகிறது, வில்லைகள் வில்லைகளாகவே குழல் வடிவில் வெளியே விழுகின்றன. செல்பேசியில் ஒரு முறை படம்பிடித்துக் காட்டினால் மருத்துவருக்கு அரைமணி நேர விளக்கம் மிச்சம்.

பக், ஃபிரெஞ்சு புல்டாக், இங்கிலீஷ் புல்டாக் போன்ற தட்டை முக நாய்களில் இந்த எதுக்களிப்பு மிகப் பரவலாக இருப்பதால், அது அந்த இனத்தின் இயல்பு என்றே பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. குறுகிய மூக்குத் துளையும் நீண்ட மெல்லண்ணமும் மூச்சை அடைக்கும்போது, உள்ளிழுக்கும் இழுவை இரைப்பையின் மேற்பகுதியையே மார்புப் பக்கம் இழுக்கக்கூடும். விழுங்கும் காற்றும் சேர்ந்துகொள்கிறது. மூச்சுப்பாதையை அறுவையில் சரிசெய்த பிறகு செரிமானக் கோளாறும் தணிந்த நாய்கள் ஏராளம். எல்லோருக்கும் இருப்பது என்பதால் ஒரு கோளாறு குணமாகிவிடாது. தாழ்ந்த விளிம்புள்ள அகலத் தட்டு, சிறு அளவுகள், சாப்பிட்டபின் ஓட்டமில்லாத அரைமணி நேரம் என்பவற்றை உடனே செய்யலாம். தூங்கும்போது மூச்சுத் திணறலும் இருந்தால் மூச்சுப்பாதையைக் காட்டியாகவேண்டும்.

பால் மறந்து திட உணவுக்கு வந்த ஜெர்மன் ஷெப்பர்ட், கிரேட் டேன், மினியேச்சர் ஷ்னாசர் குட்டிகள் தொடர்ந்து எதுக்களித்தால் உணவுக்குழாய் தளர்ந்து விரிந்திருக்கலாம். அப்படியென்றால் நிமிர்த்திய நிலையில் ஊட்டவேண்டும்; மேலே சொன்ன தரைத்தட்டு விதிக்கு விலக்கு இதுதான். இருமலும் காய்ச்சலும் வந்தால் உணவு நுரையீரலுக்குள் போயிருக்கிறது என்று கொண்டு அன்றே மருத்துவம் தேடுங்கள்.

அறிகுறி: தட்டருகே போனால் உறுமுகிறது

இங்கே இனத்தைவிடத் தனிநாயின் அனுபவம் பெரிது. கூட்டமாக வேட்டையாடிய ஹவுண்டு இனங்கள் பொதுத்தொட்டியில் ஒன்றாகத் தின்று பழகியவை, ஆகவே பீகிள் பகிர்ந்துகொள்ளும் என்று எதிர்பார்ப்பார்கள். நான் பின்னாளில் எடுத்து வளர்த்த பீகிளுக்கு இதை யாரும் சொல்லவில்லை போலும்.

அந்த நாயிடம் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். யார் பெரியவர் என்று காட்டவேண்டும் என்ற அந்தக் காலத்து அறிவுரையைக் கேட்டு, அவன் தின்றுகொண்டிருக்கும்போது தட்டில் கைவிடுவேன், உறுமினால் அதட்டுவேன். மூன்று வாரத்தில் உறுமல் நின்றது. நான் வென்றுவிட்டதாக நினைத்தேன். நான்காவது வாரம் உறுமாமலே கையைக் கவ்வினான். எச்சரிக்கை மணியை நானேதான் கழற்றி வைத்திருக்கிறேன். அச்சம் அப்படியே இருந்திருக்கிறது.

உறுமலுக்கு முந்தைய படிகளைப் பார்க்கப் பழகுங்கள்: மெல்லும் வேகம் கூடும், உடல் ஒரு கணம் கல்லாகும், தலை தட்டுக்குமேல் தாழும், கண்ணின் வெள்ளை ஓரத்தில் தெரியும். இவை எந்தத் தூரத்தில் தொடங்குகின்றனவோ, அதற்கு ஓரடி வெளியே நின்று தட்டிலிருப்பதைவிட உயர்ந்த ஒரு துண்டைத் தட்டுப் பக்கம் எறிந்துவிட்டு விலகிப் போங்கள். விலகுவதுதான் பாடம், வருபவர் எடுப்பதற்கு வரவில்லை, கொடுத்துவிட்டுப் போகிறார். உங்களைக் கண்டவுடன் நாய் தட்டிலிருந்து நிமிர்ந்து வாலாட்டினால் மட்டும் அடுத்த அடி. எங்களுக்கு ஆறடியிலிருந்து தட்டு விளிம்பு வரை வர ஏறத்தாழ மூன்று மாதம் ஆனது. அதுவரை வீட்டில் குழந்தை இருந்தால் நாய்க்குத் தாழிட்ட அறையில் உணவு. முன்பு இல்லாத உறுமல் நடுவயதில் திடீரென்று வந்தால், பழக்குவதற்கு முன் வலி இருக்கிறதா என்று பரிசோதியுங்கள். ஏற்கெனவே கடித்திருந்தால் நடத்தை அறிந்த மருத்துவரோடு சேர்ந்துதான் இதைத் தொடங்கவேண்டும்.

அறிகுறி: மலம், மண், துணி என்று கண்டதைத் தின்கிறது

மலம் தின்பதைச் சத்துக்குறைவு என்று முடிவுகட்டி மாத்திரை வாங்குவது வழக்கம். 2018-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 16 விழுக்காடு நாய்கள் இதை அடிக்கடி செய்வதாகத் தெரிந்தது. அவை பெரும்பாலும் இரண்டு நாளுக்குள்ளான மலத்தையே தேடின, பேராசையோடு உண்பவை என்று வளர்ப்பவர்களே விவரித்த நாய்களில் இது அதிகம். இதை நிறுத்துவதாக விற்கப்பட்ட பொருள்கள் அநேகமாக எதுவும் பயன் தரவில்லை. எனவே உடனுக்குடன் அள்ளிவிடுவதும், கழித்து முடித்தவுடன் கூப்பிட்டு ஒரு துண்டு கொடுப்பதும்தான் மருந்து. புதிதாகத் தொடங்கி, எடையும் இறங்கினால் முன்பு சொன்ன கணையப் பரிசோதனைக்குத் திரும்புங்கள்.

துணியும் கல்லும் விழுங்குவது வேறு விஷயம். கவ்விக் கொண்டுவருவதற்காகவே உருவான ரிட்ரீவர் இனங்களுக்கு எதையாவது வாயில் வைத்திருப்பது இயல்பான ஆறுதல். கவ்வுவது விழுங்குவதாக மாறுவது பெரும்பாலும் நாம் துரத்தும்போதுதான். நாய் காலுறையோடு நிற்கும்போது பாய்ந்தால், பறிபோகும் முன் விழுங்கிவிடும். அமைதியாக வேறொன்றை நீட்டி மாற்றிக்கொள்ளுங்கள். விழுங்கிவிட்டது, பின்னர் திரும்பத்திரும்ப வாந்தி என்றால் குடலடைப்பைச் சந்தேகிக்கவேண்டும். மண்ணையும் சுவரையும் ஓயாமல் நக்கும் நாய்க்கு ஈறு வெளிறியிருக்கிறதா என்று உதட்டைத் தூக்கிப் பாருங்கள். இரத்தசோகை அங்கே தெரியும்.

அறிகுறி: ஒரு நாய்க்கு ஒத்துக்கொண்ட உணவு மற்றதற்கு ஒத்துக்கொள்ளவில்லை

ஓநாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணுவில் 2 பிரதிகளே உண்டு. நாய்களில் 4 முதல் 30 வரை காணப்படுவதை 2013-இல் கண்டறிந்தார்கள். மனிதரின் தானியத்தோடு வாழப் பழகியதன் சுவடு அது. ஆனால் எல்லா நாய்க்கும் அது ஒரேயளவில் இல்லை. வேளாண்மை எட்டாத வடபுலத்தில் உருவான சைபீரியன் ஹஸ்கியில் பிரதிகள் மிகக் குறைவு. மாவு மிகுந்த உணவால் ஒரு நாய்க்கு மலம் இளகி, பக்கத்து நாய்க்கு ஒன்றும் ஆகாமலிருந்தால் வியப்பதற்கில்லை.

மினியேச்சர் ஷ்னாசரில் இரத்தக் கொழுப்பு பிறப்பிலேயே கூடுதலாக இருக்கக்கூடும் என்பதால், மற்ற நாய்க்கு வெறும் பேதியோடு போகும் ஒரு கொழுப்புத் துண்டு இதற்குக் கணைய அழற்சியாக முடியலாம். டால்மேஷன் இனத்தில் ஏறக்குறைய எல்லா நாய்களிலும் யூரிக் அமிலத்தைக் கையாளும் மரபணு மாறியிருப்பதால், சிறுநீரில் அது கல்லாகச் சேரக்கூடும். ஈரல் போன்ற உள்ளுறுப்பு இறைச்சியைக் குறைத்து, உணவிலேயே தண்ணீர் கலந்து கொடுங்கள். ஆண் டால்மேஷன் காலைத் தூக்கி நின்றும் சிறுநீர் சொட்டுச் சொட்டாகவே வந்தால், கல் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று கொண்டு அன்றைக்கே அழைத்துச் செல்லுங்கள். உணவை மாற்றிப் பார்க்கும் கட்டம் அப்போது கடந்துபோயிருக்கும்.

மருத்துவரிடம் எடுத்துச் செல்லவேண்டியவை

நலமான வாரத்தில் எழுதிய குறிப்பு, அறிகுறி தொடங்கிய நாள், கடைசியாக நிறுத்த எடை, உணவுப் பையின் பின்பக்கப் படம், வீட்டார் கொடுக்கும் துண்டு துக்கடாக்களின் உண்மையான பட்டியல், முடிந்தால் ஒரு காணொளி. மல மாதிரி கேட்பார்கள், அன்று காலை கழித்ததாக இருக்கட்டும். பெற்றோரையோ உடன்பிறந்த குட்டிகளையோ வளர்ப்பவர்கள் தெரிந்தவர்களாக இருந்தால், கிளம்பும் முன் அவர்களிடம் பேசி, அங்கும் இதே அறிகுறி உண்டா என்று கேட்டு அதையும் குறிப்பின் அடியில் எழுதிக்கொள்ளுங்கள்.